சிறு பந்தயச் சீட்டாட்டம் பிழைப்புக்கு வழியாகுமா?

கழகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்றைய தமிழர் உள்ளத்தில் தோன்றுவது ஒரு சங்கமோ, கட்சியோ, பதிப்பகமோ ஆகும். கம்பர் கலை பயிலும் இடத்திற்கு அப்பெயரை வழங்கினார். திருவள்ளுவரோ அதனை வேறு பொருளில் ஆண்டார். திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூதில் இருமுறை வரும் கழகம், சூதாடும் களத்தையே குறிக்கும் என்பது பரிமேலழகர் உரை. அவ்வதிகாரத்தில் ஒரு குறள், சூதாடி பெருமை பேசும் பொருள்கள் மூன்று என்கிறது. ஒன்று கவறு, அதாவது ஆடுங்கருவி. மற்றொன்று கழகம், அதாவது ஆடுமிடம். மூன்றாவது கை. இக்கை வெறுங்கை அன்று. ஆட்டத்திற்கு வேண்டிய கைத்தொழில் என்று உரையாசிரியர் விளக்குகிறார். இன்றைய மொழியிற் சொன்னால் அது திறமை.

சூதில் திறமைக்கு இடம் உண்டு என்பதைப் பழந்தமிழர் அறியாதவர் அல்லர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும். சூதாடு கருவிக்கு வல் என்றும் ஒரு பெயர் இருந்தது. அச்சொல் பலகை என்பதோடும் நாய் என்பதோடும் எவ்வாறு புணரும் என்பதற்குத் தொல்காப்பியரும் விதி கூறினார், நன்னூலாரும் கூறினார். (ஈண்டு நாய் என்பது குரைக்கும் விலங்கு அன்று, பலகையில் நகர்த்தும் காய். வகுப்பில் இதனை முன்கூட்டியே சொல்லிவிடாத ஆசிரியர் மாணவர் சிரிப்பை அடக்க அரும்பாடுபட வேண்டியிருக்கும்.) இலக்கணத்தில் இடம்பெறும் அளவுக்கு வழக்கில் இருந்த ஆட்டம் அது.

இவ்வளவும் இங்கு எடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடங்கொடுத்து மறைந்தபின், அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த இளைஞர் சிலரிடையே ஒரு கேள்வி உலவுகிறது. குதிரைப் பந்தயமும் நாலு நம்பரும் மூடர் ஆட்டம். போக்கர் என்னும் சீட்டாட்டமோ அறிவு ஆட்டம். பெரிய பணம் வைத்து ஆடாமல், ஒன்று இரண்டு வெள்ளிப் பந்தயத்தில் பொறுமையாக ஆடினால் மாதச் சம்பளம் போல ஒரு தொகை எடுக்க முடியாதா? கேள்வியின் வடிவம் இதுதான். சூது தீது என்று ஒரு சொல் சொல்லிக் கதவை அடைத்துவிடுவது எளிது. ஆனால் கேட்பவன் கணக்கோடு வருகிறான். அவனுக்குக் கணக்கோடு விடை கூறுவதே முறையாகும்.

போக்கர் பல வகைப்படும். இன்று உலகெங்கும் பரவியிருப்பது அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்தின் பெயரால் வழங்கும் வகை. ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டுகள் படிப்படியாக நடுவில் திறந்து வைக்கப்படும். இவ்வேழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவன் வெல்வான். இடையில் நான்கு முறை பந்தயம் கட்டலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். எல்லாரும் விலகிவிட்டால் கையில் ஒன்றும் இல்லாதவனும் நடுப்பணத்தை அள்ளலாம். 52 சீட்டுகளிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 25,98,960. அவற்றுள் தலைசிறந்த சேர்க்கை நான்கே நான்கு. யாழ்ப்பாணத் தமிழர் நன்கறிந்த முந்நூற்று நான்கு என்னும் ஆட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என எண்ணி, நான்கு சாதிக்கும் கூட்டினால் 304 வரும். அங்கே எண்ணிக்கை சீட்டிலேயே இருக்கிறது. போக்கரில் எண்ணிக்கை எதிரியின் மனத்தில் இருக்கிறது. அதுவே அதன் கவர்ச்சி.

இளைஞர் கூற்றில் பாதி உண்மை என்பதை மறைத்தல் கூடாது. நாலு நம்பர் ஆட்டத்தைப் பார்ப்போம். பெரியது எனப்படும் பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதற்பரிசு 2,500 வெள்ளி, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாம் கூட்ட 6,400 வெள்ளி. எண்களோ பத்தாயிரம். ஆகவே ஒரு வெள்ளி கட்டுபவனுக்குச் சராசரியாகத் திரும்புவது 64 காசு. எந்தக் கனவைக் கண்டு எந்த எண்ணை எழுதினாலும் இக்கணக்கு மாறாது. ஒற்றைச் சுழியம் உள்ள சுழல்வட்டில் 37 எண்கள். வென்றால் 35 மடங்கு. அங்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 2.70 நிறுவனத்துக்கே. இவற்றில் திறமை என்று ஒன்று இல்லை.

போக்கர் அவ்வாறன்று. அதில் ஒருவன் இழப்பது மற்றொருவனுக்குச் சேர்கிறது. நன்றாக ஆடுபவன் நீண்ட காலத்தில் வெல்வான் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், 2010ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்தனர். முன்னரே தேர்ந்தவர் என்று பெயர் பெற்றிருந்தோர் கட்டிய பணத்திற்கு 30 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டினர். ஏனையோர் 15 விழுக்காட்டுக்கு மேல் இழந்தனர். 2017 சனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. முழுக்க அதிர்ஷ்டமாயின் இயந்திரம் இவ்வாறு வெல்ல இயலாது. நளன் கதையிலும் இக்கருத்து உண்டு. கலியால் சூதில் அனைத்தும் இழந்த நளன், பின்னர் இருதுபன்னன் என்னும் மன்னனுக்குக் குதிரை செலுத்தும் நுட்பத்தைக் கொடுத்து, அவனிடமிருந்து எண்ணும் கலையைப் பெற்றான். தான்றி மரத்தை நோக்கிய அளவில் காயின் தொகை சொல்லவல்லவன் அம்மன்னன். எண்ணக் கற்றபின் நளன் ஆடி வென்றான். ஆனால் வென்றபின் அவன் அதையே தொழிலாகக் கொண்டான் என்று எப்புலவரும் பாடவில்லை.

திறமை உண்டு என்பது வேறு. அத்திறமை சோறு போடும் என்பது வேறு. இரண்டுக்கும் இடையே கழகம் நிற்கிறது.

கழகத்தின் பங்கு

ஆட்டக்களம் நடத்துபவன் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுப்பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்வான். இது புதிய ஏற்பாடு அன்று. கௌடலியரின் அர்த்தசாத்திரம், சூதுக்குத் தலைவனாக அமர்த்தப்பட்ட அலுவலர் வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து பெறுவார் என்றும், கருவிகளுக்கு வாடகை தனியே பெறுவார் என்றும் விதிக்கிறது. இன்றைய போக்கர் மேசைகள் பலவற்றிலும் நூற்றுக்கு ஐந்து என்பதே வழக்கமான பங்கு என்பது வியப்பாக இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் விகிதம் மாறவில்லை போலும்.

ஒரு மேசையைக் கற்பனை செய்து கணக்கிடலாம். பந்தயம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி. ஆடுவோர் ஒன்பதின்மர். ஒவ்வொருவரும் 200 வெள்ளியோடு அமர்கின்றனர். மேசையில் உள்ள பணம் 1,800 வெள்ளி. மணிக்கு முப்பது ஆட்டங்கள் நடக்கின்றன. ஆட்டத்திற்குச் சராசரி நான்கு வெள்ளி களத்தின் பங்காகப் போகிறது எனின், மணிக்கு 120 வெள்ளி மேசையை விட்டு நீங்கும். பதினைந்து மணி நேரத்தில் மேசையில் ஒரு வெள்ளியும் இராது! ஒன்பதின்மரும் மாமேதைகளாயினும் முடிவு இதுவே. ஆகவே மேசை தொடர்ந்து இயங்க வேண்டுமாயின், புதுப்பணம் கொண்டு எவரேனும் வந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

மற்றொரு முறையிலும் இதனை நோக்கலாம். அந்த 120 வெள்ளியை ஒன்பதின்மருக்குப் பிரித்தால் தலைக்கு மணிக்கு 13 வெள்ளிக்குச் சற்று மேல். அதாவது, ஏனையோரினும் மணிக்கு 13 வெள்ளி அளவுக்குச் சிறந்து ஆடுபவனே நட்டமின்றி எழுவான். பெரிய பந்தய மேசைகளில் பங்குக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதால், அதன் சுமை பந்தயத்தோடு ஒப்பிடக் குறைவு. சிறு பந்தய மேசையிலோ அச்சுமை முழுவதும் தலையில் விழுகிறது. சிறு பந்தயம் பாதுகாப்பானது என்ற எண்ணம் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறது. இழப்பு சிறிதாகத் தோன்றுவது உண்மை. ஆனால் வெல்லவேண்டிய மதில் உயரமாகிறது.

மாதக் கணக்கு

இனி, இம்மதிலையும் தாண்டி, மணிக்குச் சராசரி பத்து வெள்ளி நிகரமாக ஈட்டும் தேர்ந்த ஆட்டக்காரன் ஒருவனைக் கொள்வோம். இது தாராளமான கணிப்பே.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சிறு முதலாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அது சட்டம் வகுத்த அடித்தளம். வாழ்வதற்குப் போதுமானது என்று பொருளன்று. போதுமானது எவ்வளவு என்பதை நடுவண் வங்கியாகிய பேங்க் நெகாரா 2018இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டது. 2016ஆம் ஆண்டு விலைவாசிப்படி, கோலாலம்பூரில் தனியொருவர் மதிப்போடு வாழ மாதம் 2,700 வெள்ளி வேண்டும். இரு பிள்ளைகளோடு கூடிய தம்பதிக்கு 6,500 வெள்ளி. அதன்பின் விலை இறங்கவில்லை என்பதைப் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒருவேளைச் சாப்பாடு வாங்கியவர் அறிவர்.

மணிக்குப் பத்து வெள்ளி வீதம் 2,700 வெள்ளி ஈட்ட 270 மணி நேரம் வேண்டும். ஒரு நாளும் ஓய்வின்றி நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். தொழிலாளிக்கோ சட்டப்படி வாரம் 45 மணி நேரமே வரம்பு. மாதத்திற்கு ஏறக்குறைய 195 மணி. இரு பிள்ளைகளின் தந்தை ஒருவன் இவ்வாட்டத்தாலேயே குடும்பத்தின் 6,500 வெள்ளியையும் தேடுவானாயின் 650 மணி நேரம் ஆட வேண்டும். முப்பது நாள் மாதத்தில் இருப்பது 720 மணி. உண்ணவும் உறங்கவும் பிள்ளைகளின் முகம் பார்க்கவும் எஞ்சுவது எழுபது மணி நேரம்.

சம்பளத்தோடு சேர்ந்து வருபவை வேறு உள்ளன. 1,700 வெள்ளிச் சம்பளக்காரனுக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, செலுத்துகிறார். சொக்சோ பாதுகாப்பு உண்டு. நோய்வாய்ப்பட்டால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ வங்கி கேட்கும் சம்பளச் சீட்டு உண்டு. சீட்டாட்டக்காரனிடம் சீட்டு இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லை.

ஏற்ற இறக்கம்

மேலே கூறியது சராசரி. சராசரியை உண்ண முடியாது; கையில் வருவதையே உண்ண முடியும்.

மணிக்குப் பத்து வெள்ளி ஈட்டுபவன் ஒவ்வொரு மணியும் பத்து வெள்ளியோடு எழுவதில்லை. ஒரு மணியில் நூறு வெல்வான், மறு மணியில் எண்பது தோற்பான். இவ்வாட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மணிக்கு 88 வெள்ளி என்று கொண்டால் (புள்ளியியலார் நியம விலக்கம் என்று கூறும் அளவு இது) 200 மணி ஆடிய மாதத்தில் எதிர்பார்க்கும் வரவு 2,000 வெள்ளி. அதன் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1,240 வெள்ளி. மணிகள் 200 மடங்கு கூடினாலும், ஏற்ற இறக்கம் 200இன் வர்க்கமூலமாகிய 14 மடங்கே கூடும் என்பது கணிதம். இதன்படி ஆறு மாதத்தில் ஒரு மாதம் 760 வெள்ளிக்கும் குறைவாகவே கிடைக்கும். இருபது மாதத்தில் ஒரு மாதம் முழுவதும் உழைத்தும் நட்டத்தில் முடியும். அவன் உண்மைத் திறமை மணிக்கு நான்கு வெள்ளி அளவே எனின், நான்கு மாதத்தில் ஒன்று நட்டம்.

தன் திறமை பத்து வெள்ளியா, நான்கு வெள்ளியா, அன்றி ஒன்றுமே இல்லையா என்பதை அவன் எப்போது அறிவான்? இதுவே இவ்வாட்டத்தின் கொடுமையான பகுதி. அதே கணக்கின்படி, மணிக்குப் பத்து வெள்ளி என்னும் வரவு வெறும் நற்பேறு அன்று என்று ஓரளவு துணிய 300 மணி நேரத்திற்கு மேல் வேண்டும். நான்கு வெள்ளியாயின் ஏறக்குறைய 2,000 மணி, அதாவது ஓராண்டு முழுநேர உழைப்பு. மூன்று மாதம் வென்ற இளைஞன் வேலையை விட்டுவிடுகிறான். அவனுக்குத் தன் திறமை தெரியாது. தன் நற்பேறு மட்டுமே தெரியும். வள்ளுவர் சூது அதிகாரத்தைத் தோற்றவனைப் பார்த்துத் தொடங்கவில்லை, வென்றவனைப் பார்த்தே தொடங்கினார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. வென்றாலும் வேண்டாம் என்றும், வென்ற பொருள் மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு போன்றது என்றும் அவர் முதற்குறளிலேயே கூறுகிறார். உரையாசிரியர் பலர் இதனை அறவுரையாகவே கொண்டனர். கணக்குரையாகவும் கொள்ளலாம்.

மற்றொரு கணக்கும் உண்டு. டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1657இல் வெளியிட்ட நற்பேற்றுக் கணித நூலின் இறுதியில் ஐந்து வினாக்களை வைத்தார். ஐந்தாவது, ஆடுவோர் இருவருள் எவர் முதலில் கைப்பொருள் முழுவதும் இழப்பார் என்பது. அதிலிருந்து வளர்ந்த கொள்கை இதுதான்: ஏற்ற இறக்கம் உள்ள வரவில், வென்றதையெல்லாம் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், கை முதல் எவ்வளவு பெரிதாயினும் ஒருநாள் கரைந்தே தீரும். முதல் நிலைக்க வேண்டுமாயின் வென்றதில் ஒரு பகுதியை அதிலேயே விட்டுவைக்க வேண்டும். குறைந்த வரவு உள்ள சிறு பந்தயக்காரனுக்கு அவ்வாறு விட்டுவைக்க மிச்சம் ஏது? அவன் பொழுதுபோக்காக ஆடியபோது வென்றவன். அதையே உண்ணத் தொடங்கியதும் தோற்பவன். ஆட்டம் மாறவில்லை, சோறு மாறிற்று.

அப்படியாயின் உலகில் இவ்வாறு பிழைத்தவர் எவரும் இலரா? இருந்தனர். 2003ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் நுழைவுக் கட்டணத்தில் தொடங்கி 25 இலட்சம் டாலர் உலகப் பரிசை வென்றார். அதனைக் கண்டு இலட்சக்கணக்கான புதியவர் கணினி வழி ஆட்டத்திற்குள் நுழைந்தனர். புதுப்பணம் வெள்ளமாக வந்தது. ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடிய தேர்ந்தவர், வாழ்க்கைச் செலவு குறைந்த நாடுகளில் இருந்துகொண்டு டாலரில் ஈட்டினர். அக்காலம் நீடிக்கவில்லை. 2006இல் அமெரிக்கா பணப் பரிமாற்றத்தைக் கட்டுப்படுத்திற்று. 2011 ஏப்ரல் 15ஆம் நாள் மூன்று பெரிய நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தது. அவற்றுள் ஃபுல் டில்ட் என்னும் நிறுவனத்தில் பணம் வைத்திருந்தவர்கள் அதனைத் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். புதியவர் வரவு குறைய, எஞ்சியோர் அனைவரும் தேர்ந்தவராயினர். தேர்ந்தவர் ஒன்பதின்மர் அமர்ந்த மேசையில் வெல்பவர் எவர் என்பதை மேலே கண்டோம். இப்போது கணினி நிரலே ஆட்டக்காரனாக மறைந்து அமர முடியும் என்பது வேறு அச்சம்.

சட்டம் சொல்வது

திறமை ஆட்டம் என்று சொல்லிவிட்டால் சட்டம் விட்டுவிடும் என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் பெரும்பாலும் இந்தியச் செய்திகளைப் படித்ததால் வந்தது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1968இல் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும் என்பது காரணம். ஆயினும் ஆட்டத்திலிருந்து இடத்துக்குரியவன் இலாபம் எடுப்பானாயின் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. 1996இல் கிண்டிக் குதிரைப் பந்தயத்தையும் அந்நீதிமன்றம் திறமையின்பாற் சேர்த்தது. தமிழ்நாட்டில் இணையவழி ரம்மியால் பணம் இழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, அரசு சட்டம் இயற்றியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் 2022இல் மீண்டும் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, ரம்மியையும் போக்கரையும் தடைசெய்த பட்டியலை மட்டும் நீக்கியது. இறுதியில் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும், திறமையா நற்பேறா என்று பாராமல், தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

மலேசியாவில் இவ்வழக்காடலுக்கே இடமில்லை. 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம், நற்பேற்று ஆட்டத்தோடு நற்பேறும் திறமையும் கலந்த ஆட்டத்தையும், பணத்திற்காக ஆடினால், சூது என்றே வரையறுக்கிறது. கலந்த என்னும் ஒரு சொல் போக்கர் வழக்கறிஞரின் வாயை அடைத்துவிடுகிறது. உரிமம் பெற்ற சூதாட்ட மாளிகை நாட்டில் கெந்திங் மலையில் ஒன்றே. 1969இல் உரிமம் வழங்கப்பட்டு 1971இல் திறக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கு அங்கு ஆட அனுமதி இல்லை. கடைவீதி மாடியில் திரை போட்டு நடத்தும் மேசைக்கு எவ்வுரிமமும் இல்லை. மேலும் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டமும் பந்தய உடன்பாடு செல்லாது என்கின்றன. வென்ற பணத்தை ஒருவன் தர மறுத்தால் வழக்காடிப் பெற இயலாது. பெறுவதற்கு வேறு வழிகளை நாடுவோர் உண்டு. அவ்வழிகளில் ஆலோங் எனப்படும் வட்டிக்காரர்களைச் சந்திக்க நேரும்.

கோலாலம்பூர் நகரத்தின் பிறப்பே இப்பாடத்தைக் கொண்டுள்ளது. ஈயச் சுரங்கத் தொழிலாளரிடம் இருந்த பணம், அபின், சாராயம், அடகு, சூது ஆகிய குத்தகைகளின் வழியாகத் திரும்பிச் சென்றது. சூதாட்டக் குத்தகை எடுத்தவருக்கே களம் நடத்தும் உரிமை; அரசுக்குக் குத்தகைப் பணம். காப்பித்தான் யாப் ஆ லோய் காலத்தில் சந்தைச் சதுக்கத்திலேயே சூதாட்டக் கொட்டகைகள் இருந்தன. பின்னர் லோக் யூ பெருங்குத்தகைக்காரர் ஆனார். கூட்டு மலாய் மாநிலங்களில் அக்குத்தகை முறை 1912ஆம் ஆண்டு இறுதியோடு ஒழிந்தது. குத்தகை எடுத்த இருவர் பெயராலும் இன்று கோலாலம்பூரில் சாலைகள் உள்ளன. ஆடியவர் பெயரால் ஒரு சந்தும் இல்லை.

ஆக, வினாவுக்கு விடை யாது? தனியனாய், கடன் இன்றி, கைமுதலோடு, புதுப்பணம் ஓயாது வரும் மேசை கிடைத்த மிகச் சிலர் சில ஆண்டுகள் இதனால் காலம் கழித்தது உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒன்று இரண்டு வெள்ளி மேசையை நம்பி ஒருவன் குடும்பம் நடத்துதல் கணக்குக்கு ஒவ்வாது. இதில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மேசைக்கு வரும் புதுப்பணம் எங்கிருந்தோ வருவதன்று. இரவு வேலை முடித்து வரும் லாரி ஓட்டுநரின் சம்பளம், பாதுகாவலரின் மேல்நேரப் பணம், எவர் வீட்டு வாடகையோ பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணமோ அது. வெல்பவனின் வருவாய் அவர்கள் வீட்டில் குறையும் அரிசி. சூதாடி எதிரில் இருப்பவன் முகத்தைக் கூர்ந்து படிக்கிறான் என்பர். இதை மட்டும் அவன் படிப்பதில்லை.

வள்ளுவர் கழகத்தைப் பற்றிக் கூறும் மற்றொரு குறளில் காலை என்றொரு சொல் வருகிறது. மாணவர் அதனை விடியற்பொழுது என்று எழுதுவது வழக்கம். பரிமேலழகர் அதற்குக் காலம் என்றே பொருள் கொண்டார். அறம் பொருள் இன்பங்களுக்கென அமைந்த காலம் சூதாடு களத்தில் கழியுமாயின், செல்வமும் நற்குணமும் கெடும் என்பது கருத்து. மேலே கண்ட 270 மணியும் 650 மணியும் இச்சொல்லுக்கு நல்ல உரையாகும். பாடம் நடத்தும்போது கரும்பலகையில் இவ்வெண்களை எழுதிக்காட்டினால் பழைய உரை புதிதாக விளங்கும்.

களத்தின் பங்கு என்பதை மேல்வகுப்பு மாணவருக்கு விளக்க எளிய செய்முறை ஒன்று உண்டு. பணமும் வேண்டாம், சீட்டுக்கட்டும் வேண்டாம். ஒன்பது மாணவரை வட்டமாக அமர்த்தி ஒவ்வொருவருக்கும் இருபது ரப்பர் விதைகளைக் கொடுக்கலாம். மனக்கணக்குப் போட்டி நடத்தலாம். ஒவ்வொரு சுற்றிலும் தலைக்கு ஒரு விதை நடுவில் வைக்க வேண்டும். முதலில் சரியாக விடை சொல்பவர் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார். எடுக்கும் முன் ஆசிரியர் அதிலிருந்து ஒரு விதையைத் தம் பெட்டியில் போட்டுக்கொள்வார். இது முழுக்கத் திறமைப் போட்டி என்பதில் ஐயமில்லை. விதைகள் மொத்தம் 180. இருபது சுற்றுக்குப்பின் எவர் கையில் எத்தனை, பெட்டியில் எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லலாம். பின்னர், விதை தீர்ந்தவர் விலக எஞ்சியவர் ஆடிக்கொண்டே சென்றால், கடைசியில் வகுப்பின் முதல் மாணவர் ஒருவரே விதைகளோடு மிஞ்சுவார். அவருக்கு எதிரே ஆள் இல்லை. அப்போது பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டலாம்.